பேயிடம் கேள்வி கேட்ட செவந்தி

தலையில் கருவாட்டுக் கூடை இருந்தால்தான் செவந்தி அக்காளுக்குக் கழுத்து நேராக நிற்கும் என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். மீமிசல் கருவாடு புதுக்கோட்டைச் சந்தைக்கு வரும். அங்கே வாங்கி, குடுமியான்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கொல்லை வழியாக நுழைந்து விற்பாள். நாற்பது வயது. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. அவள் கூடை இறக்காத அடுப்படி எங்கள் பக்கத்தில் இல்லை.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே மனசில் வாங்கிக்கொள்வாள். அதே ஆள் அதே சங்கதியை மறுபடி சொல்லும்போது ஒரு சொல் மாறினாலும் விடமாட்டாள். கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, "முந்தாநாளு தம்பி ரெண்டு பேருன்னீங்க, இன்னைக்கு ஒருத்தன்தான் வாரான், இன்னொருத்தன் எங்கிட்டுப் போனான்?" என்று கேட்டு ராஜாவேஷக்காரனைத் திக்குமுக்காட வைத்திருக்கிறாள். ஒரு சாவு வீட்டில், "என்னைத் தங்கமாத் தாங்குனியே ராசா" என்று பெண்டாட்டிக்காரி ஒப்பாரி வைத்தபோது, "ஏன்டி, போன மாசம் வெறகுக்கட்டையால அடிச்சான்னு எங்கிட்ட அழுதியே" என்று இவள் கேட்டதில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தார்கள். இதிலெல்லாம் அவளுக்கு ஒரு சந்தோஷம். அது என்ன சந்தோஷமோ, எனக்குப் பிடிக்காது. அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்துக்காக அவள் வாயைத் திறக்கக்கூடாத இடத்தில் ஒரு தடவை திறந்தாள். அதில் ஒரு பெண்ணின் முதுகுத் தோல் உரிந்தது. ராஜா போய், சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். மழை பொய்த்துக் கண்மாய் வெடிப்பு விட்டுக் கிடந்த வருஷம்.

எங்கள் ஊர் மேலத்தெருவில் செல்லமுத்து என்று ஒருவன் இருந்தான். நிலம், நாலு மாடு, ஓட்டு வீடு. அதிர்ந்து பேசாதவன். அவனுடைய முதல் பெண்டாட்டி சொர்ணவல்லி கடலோரத்துப் பெண். மீமிசல் பக்கமிருந்து எங்கள் மேட்டுக்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். செவந்தியின் குரல் தெருமுனையில் கேட்டாலே கொல்லைக்கு ஓடி வந்துவிடுவாள். கருவாட்டை எடுத்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். சில நாள், "இது எங்க கடலு இல்லக்கா" என்று சிரித்துக்கொண்டே கூடையில் திருப்பிப் போட்டுவிடுவாள். செவந்திக்கு அவளைப் பிடிக்கும்.

ஒருநாள் அவளைக் காணவில்லை. செல்லமுத்து மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருந்தானாம். திரும்பி வந்து பார்த்தால் வீடு திறந்து கிடந்ததாம், நகையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லையாம். வளையல்காரனோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. வளையல்காரனும் அதற்குப்பின் எங்கள் பக்கம் வரவில்லை. வந்தால் காலை முறிப்போம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது எவன் வருவான்? இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே மாதம் செல்லமுத்து தன் வயலில் இருந்த பழைய கிணற்றில் கல்லையும் முள்ளையும் போட்டு மூடினான். தண்ணீர் உப்பாகிவிட்டது என்றான். அதையும் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த வருஷம் விராலிமலைக்கு அந்தப்புறம் ஒரு வறண்ட ஊரிலிருந்து முத்தாளைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும். பெண் வீட்டுக்காரர்கள் சாப்பாட்டுக்கே சிரமப்பட்டவர்கள். அவர்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, மூடிய கிணற்றடியில் முத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தூக்கி வந்து தண்ணீர் தெளித்தும் கண் நிலைகுத்தி இருந்தது. சோறு இறங்கவில்லை. பேய்தான் என்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் அம்பலகாரர் ஆண்டியப்பன், "கோடாங்கியக் கூப்புடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். செல்லமுத்து வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்ற பேச்சு வரும். அவனே போய்க் கூட்டி வந்தான்.

கோடாங்கி ஆண்டிச்சாமி ஒல்லியான ஆள், வெற்றிலைக் கறை படிந்த வாய். வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் கருப்பர் கோயில் பொட்டலில் உட்கார்ந்து உடுக்கடித்து விசாரிப்பார். அவருக்கு ஒரு முறை உண்டு. பேய் முதலில் தன் பெயரும் ஊரும் செத்த விதமும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், பேய் பதில் சொன்னால் அதைக் கணக்கில் வைப்பார். சொன்ன சொல் வாரத்துக்கு வாரம் மாறாமல் நின்றால் அது செத்தவளின் வாக்கு. அதற்கு என்ன நியாயமோ அதை ஊர் செய்தாக வேண்டும். சொல் பிசகினால் அது வேறு யாரோ ஒருத்தி பேரை வைத்துக்கொண்டு ஏமாற்றும் தெருப்பேய். புளியங்குச்சி விளாறால் அடித்து, உச்சிமுடியை அறுத்து, புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு, பெண்ணைப் புருஷனோடு அனுப்பிவிடுவார். அதற்குப்பின் அந்தப் பெண் எதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உடுக்கை வேகமெடுத்தது. முத்தாள் தலையை விரித்துப்போட்டு ஆடினாள். "யாரு நீ? எந்த ஊரு?" என்று கோடாங்கி அதட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை தெரிய விரித்து விரித்துக் காட்டினாள். கோடாங்கிப் பக்கம் காட்டினாள். அப்புறம் ஜனங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொருவராகக் காட்டினாள். "எதோ கேக்குது" என்றார் கோடாங்கி. பச்சரிசி வைத்தார், கீழே கொட்டினாள். வெற்றிலை வைத்தார், உதறினாள். செவந்தி தன் பங்குக்கு முன்னால் போய் ஒரு தேங்காயை வைத்தாள். அது உருண்டு விழுந்தது. மறுபடி வெறும் கைகளை விரித்தாள். வெயில் தாங்காமல் ஜனங்கள் கலைந்தார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பேய் பேசியது.

"நான் சொர்ணவல்லி. நான் ஓடிப்போகல. தண்ணிக்குப் போனவளக் கெணத்துல தள்ளிட்டாக."

எல்லோர் தலையும் செல்லமுத்துப் பக்கம் திரும்பியது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அம்பலகாரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தள்ளுனது யாரு?" என்று கேட்டார். அதற்கு மட்டும் பேய் பல்லைக் கடித்தது. "தண்ணிக்கு என்னத்த எடுத்துக்கிட்டுப் போனே?" என்றார். "மண்பானை" என்றது.

அந்த வாரம் முழுவதும் ஊரில் அதே பேச்சு. மூன்றாவது வெள்ளிக்கிழமை அன்னவாசலிலிருந்தும் குடுமியான்மலையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாடகை சைக்கிளில் வந்தவர்களும் உண்டு. வேர்க்கடலை விற்றது, பானகம் விற்றது. போன வாரம் வராதவர்களுக்கு டீக்கடை ரத்தினவேல் முன்கதை சொன்னான். அவன் சொன்ன முன்கதையில் பேய் மூன்று ஆள் உயரம் எழும்பியது. ஒரு பெண் சாகக் கிடந்ததையோ செத்ததையோ பற்றி யாருக்கும் கவலை இல்லை, அடுத்தது என்ன என்பதுதான் கவலை. கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: இந்த வருஷம் மழை பெய்யுமா? காணாமல் போன என் வெள்ளாடு எங்கே? கிணற்றுக்குள் பசிக்குமா? பேய் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

பிறகு கோடாங்கி பழைய கேள்விகளைத் திரும்பக் கேட்டார். பேர், ஊர், கிணறு எல்லாம் சரியாக வந்தது. "கையில என்னா?"

"பித்தளைக் கொடம்."

செவந்தி எழுந்தாள். அவளால் கேட்காமல் இருக்க முடியாது, அப்படியே பழகிவிட்டாள். "நில்லு நில்லு. போன வாரம் மண்பானைன்னே. இந்த வாரம் பித்தளைக் கொடமா? எது நெசம்?"

கூட்டம் 'ஓ' என்று சிரித்தது. முத்தாள் தலையாட்டத்தை நிறுத்திச் செவந்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பேய் இல்லை, பயந்த பிள்ளைதான் இருந்தது என்று செவந்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதற்குள் கோடாங்கி புளியம்விளாறை எடுத்துவிட்டார். எண்ணெய் தேய்த்து முறுக்கிய விளாறு. முதுகில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ரவிக்கை கிழிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செவந்தி திருப்பவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு பெசகட்டும், முடிய அறுத்து ஆணியடிச்சுருவேன். இனி ரெண்டு வாரம் வாக்கு ஒண்ணா நின்னாத்தான் சொர்ணவல்லின்னு ஒத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுக் கோடாங்கி எழுந்தார்.

மறுநாள் காலை செல்லமுத்து செவந்தியின் குடிசைக்கு வந்தான். அதுவரை ஒரு நெத்திலிகூட அவன் கையால் வாங்கியதில்லை, எல்லாம் பெண்டுகள்தான். கூடையை மொத்தமாக விலைபேசினான். வாசலில் நின்றே பேசினான். மெதுவான குரல்.

"நேத்து நல்லாக் கேட்டீங்கக்கா. ஊருல ஒங்களுக்குத்தான் அந்தத் தைரியம் இருக்கு. வாரவாரம் வந்து கேளுங்க. எதெது மாறுதுன்னு நல்லாக் கவனிச்சு வைங்க."

"ஆணியடிச்சப்பறம் பிள்ளை தேறிருமா தம்பி?"

"வீட்டுக்கு வந்துட்டா நான் பாத்துக்குவேன்க்கா" என்றான்.

அவன் சிரித்தபடிதான் சொன்னான். தன் கேள்வி யாருக்கு உதவியிருக்கிறது என்று செவந்திக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் போனபின் கூடையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கும் சாக்கில் கொல்லைப்பக்கம் போனாள். செல்லமுத்து வயலுக்குப் போயிருந்தான். மாட்டுக்கொட்டகையில் முத்தாள் குப்புறக் கிடந்தாள். முதுகில் ஈ மொய்த்தது.

செவந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் ஈயை விரட்டினாள். "நீ முத்தாளா, அவளா? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றாள்.

"கெணத்தடியில மயக்கம் போட்டது நெசம்க்கா. முழிச்சுப் பாத்தா எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சொன்னாக. சரி, பேயாவே இருந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்" என்றாள் முத்தாள். "கோவம் வந்தா அவரு ஒண்ணு சொல்லுவாரு. 'அவ போன எடத்துக்கு ஒன்னையும் அனுப்பவா?'ம்பாரு. அந்தக் கெணத்துப் பக்கம் போனாக் கையில கெடச்சதால அடிப்பாரு. எங்க அப்பன் வீட்டுக்கு ஓடிப் போனேன், அன்னைக்கே கொண்டாந்து விட்டுட்டாக. நானாச் சொன்னா யாரு கேப்பா? பேயி சொன்னா ஊரே திரண்டு வந்து குந்திக் கேக்குது. அதான்க்கா. எனக்கு என்னா தெரியும்? பானையோ கொடமோ, வாயில வந்ததச் சொன்னேன்."

"ஏன்டி பேரச் சொல்லல? யாரு தள்ளுனான்னு கேட்டாகளே?"

"வாக்கு நிக்காம அவரு பேரச் சொல்லி, அப்பறம் அவரோடயே அனுப்பிட்டாகன்னா?"

செவந்தி அழுதாள். நான் அறிந்து அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் சொன்னபோது தானும் அதை நம்பி, நாலு அடுப்படியில் அதைச் சொல்லிக் கருவாடு விற்றதை நினைத்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுக்க" என்றாள். சொர்ணவல்லி நடக்கும் விதம், அவள் ஊரில் பேசுகிற பேச்சு, கருவாட்டை மோந்து பார்க்கும் விதம், இடது புருவத்துத் தழும்பு, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "கொடம் பித்தளைதான். அவ ஆத்தா குடுத்தது, கழுத்துல ஒடுக்கு விழுந்த கொடம். அவ போனதுலேர்ந்து அந்தக் கொடத்த இந்த வீட்டுல நான் பாக்கல. அதத்தான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். மாத்தாம அதையே சொல்லு."

பிழை பிடித்தே பேர் வாங்கியவள் பிழை வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இறங்கினாள். அந்த வாரம் தினமும் ஏதாவது சாக்கில் கொட்டகைக்குப் போய், கேள்வி கேட்டுப் பதில் வாங்கி, மாறினால் திருத்தி, மறுபடி கேட்டாள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் செல்லமுத்து கொல்லைப் படலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. "என்னக்கா, கருவாடு விக்கலையா இன்னைக்கு?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து கதவுக்கு உள்ளே அரிவாளை வைத்துக்கொண்டுதான் செவந்தி படுத்தாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை செவந்தியே எழுந்து கேட்டாள். "கருவாட்டுக்காரி வந்தா நீ என்னா செய்வே?"

முத்தாள் வெறும் காற்றை எடுத்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். "இது எங்க கடலு இல்லக்கா" என்றாள்.

மேலத்தெருப் பெண்கள் வாய்விட்டு அழுதுவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள். புருவத்தைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், குடத்தைக் கேட்டார்கள். ஒன்றும் பிசகவில்லை. கோடாங்கியே நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, "அடுத்த வாரம் நின்னா அவதான்" என்றார். செல்லமுத்து முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். எதெது சொல்கிறாள் என்று அவன் உதடு முணுமுணுத்ததைச் செவந்தி பார்த்தாள். அவனும் பிழை தேட ஆரம்பித்துவிட்டான்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை பொட்டலில் நிற்க இடமில்லை. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வேர்க்கடலைக்காரன்கூட கூவவில்லை. பேர் வந்தது, ஊர் வந்தது, கிணறு வந்தது. யார் தள்ளியது என்ற கேள்விதான் மிச்சம். அம்பலகாரர் அதற்கு வாயெடுக்கும்போது செல்லமுத்து எழுந்தான்.

"நான் ஒண்ணு கேக்கலாமா கோடாங்கி?"

"யாரு வேணாலும் கேக்கலாம்."

முத்தாளுக்கு நேர் எதிரே போய்க் குந்தினான். "கெணத்துல விழுகையில கையில என்னா வச்சிருந்தே?"

"பித்தளைக் கொடம். எங்க ஆத்தா குடுத்தது. கழுத்துல ஒடுக்கு விழுந்தது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இடுப்புலயா, தலையிலயா?"

முத்தாள் ஒரு கணம் செவந்தியைத் தேடினாள். "இடுப்புல" என்றாள்.

செல்லமுத்து தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. செவந்தியின் முகத்தில் பார்த்திருக்கிறேன், பிழை பிடிக்கும்போது வருகிற அதே சந்தோஷம். ஊரைப் பார்த்துத் திரும்பினான்.

"பொய்யி! கேட்டுக்கங்க எல்லாரும். கொடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறுங்கையாத்தான் இருந்தா. ரெண்டு கையயும் இப்படி விரிச்சுக்கிட்டு நின்னா. இது அவ இல்ல, இது தெருப்பேயி! எடுங்க விளாற!"

கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆமாம், சிரித்தார்கள். பிழை அகப்பட்டால் சிரிப்பதற்கு அவ்வளவு பழகியிருந்தார்கள். கோடாங்கி விளாறை எடுத்துவிட்டார். செவந்தி எழுந்தாள். பக்கத்தில் இருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"தம்பி, அன்னைக்கு நீ மணப்பாறைச் சந்தையில இல்ல இருந்தே?"

"ஆமா, சந்தையிலதான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது அவனுக்கு. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவ ரெண்டு கையயும் விரிச்சுக்கிட்டு நின்னத யாரு பாத்தா?"

சிரிப்பு முதலில் முன்வரிசையில் நின்றது. பிறகு பின்னால் நின்றது. கடைசியில் புளியமரத்து மேல் உட்கார்ந்திருந்தவர்களும் அடங்கினார்கள். செல்லமுத்து விரித்த கைகளை இறக்காமலே நின்றான். அவற்றை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கோடாங்கி விளாறைத் தரையில் வைத்தார். முத்தாள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேயாக இல்லாமல் தானாகவே அழுதாள்.

அம்பலகாரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கடப்பாரைய எடுத்தாங்கடா" என்றார்.

மூடிய கிணற்றைத் திறக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மழையில்லாத வருஷமாகையால் அடியில் சேறுதான். எலும்பு இருந்தது. காலில் மெட்டி இருந்தது. சேற்றை முழுதும் அள்ளிப் பார்த்தார்கள், குடம் இல்லை. செல்லமுத்து அதை நகையோடு சேர்த்துத் திருச்சியில் விற்றிருந்தது பிற்பாடு போலீஸ் விசாரணையில் வந்தது. செவந்தி சொல்லிக்கொடுத்த அத்தனையிலும் அந்தக் குடம் ஒன்றுதான் தப்பு. அந்தத் தப்பைத் திருத்தப் போய்த்தான் அவன் மாட்டிக்கொண்டான். கோர்ட்டுக் கச்சேரியில் பேயின் சாட்சி செல்லவில்லை. அவன் பேசியதைக் கேட்ட சாட்சி மட்டும் ஒரு வண்டி ஆள் போனது. அவன் திரும்பி ஊருக்கு வரவில்லை.

முத்தாளை அவள் அப்பன் வந்து கூட்டிப் போனான். இந்தத் தடவை திருப்பிக் கொண்டுவந்து விட இடமில்லை, நல்லவேளை. செவந்தி பழையபடி கூடையைத் தூக்கினாள். கேள்வி கேட்பதை மட்டும் குறைத்துக்கொண்டாள். கூத்துக்காரர்கள் தம்பியை மறந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் அவளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ஐந்து வெள்ளிக்கிழமைகளையும் மனசில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள் போலிருக்கிறது.

அறுபத்தொன்றில் விராலிமலை பஸ் நிறுத்தத்தில் அவளும் முத்தாளும் எதிர்பாராமல் சந்தித்துக்கொண்டார்கள். நானும் கூட இருந்தேன். முத்தாள் அங்கே பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் வேலையில் இருந்தாள். சதை பிடித்து, சிரித்த முகமாக இருந்தாள். செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஊர்க்கதை பேசி முடித்தபின் செவந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"முத்தாளு, ஒண்ணு மட்டும் எனக்குச் சேர மாட்டேங்குது. அந்த மொத வெள்ளிக்கிழமை வாயவே தொறக்காம ரெண்டு கையயும் விரிச்சு விரிச்சுக் காட்டுனியே. அது எப்படி ஒனக்குத் தோணுச்சு? அவ வெறுங்கையா நின்னது அப்ப ஒனக்குத் தெரியாதே. எனக்கே தெரியாதே."

முத்தாள் விளங்காமல் பார்த்தாள். "மொத வெள்ளிக்கிழமையா? ரெண்டாவது வாரத்துலேர்ந்துதான்க்கா நான் நடிச்சேன். வியாழக்கிழமை மயக்கம் போட்டதுதான் தெரியும். மொத வாரம் என்னையப் பொட்டலுக்குக் கொண்டு போனாகளா? கையயா விரிச்சேன்?"

புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். செவந்தி ஏறவில்லை. முத்தாள் போனபிறகும் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பட்டப்பகலிலும் பயமாக இருந்தது. "எந்திரிக்கா, போவோம்" என்றேன்.

"நாம கேக்குறதுக்கு முன்னாடியே அவ வந்து சொல்லிட்டாடி" என்றாள் செவந்தி. "ஒவ்வொருத்தருக்காத் திரும்பித் திரும்பிக் காட்டுனா. நான் அந்தக் கையில போய்த் தேங்காய வச்சேன்."